செலவு

சங்கத் தமிழில் ‘செலவு’ என்பது பயணம். இன்று அது பணம் கரைவதைக் குறிக்கிறது. ஏடு தேடிய உ.வே.சாமிநாதையருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த அவர், பத்துப்பாட்டுக்குப் பிரதிகள் வேண்டி, விடுமுறை நாள்களில் தம் கைப்பொருளைக் கொண்டே ஊர் ஊராகச் சென்றார்.

திருநெல்வேலிக்குக் கிழக்கே ஆற்றங்கரை வழியில் ரயில் இல்லாத காலம் அது. பொருநைக் கரையில் அடுத்தடுத்துள்ள திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களை ஒரே பயணத்தில் கண்டார். சென்ற இடங்களில் தமிழன்பர்களின் துணையை நாடினார். அதனால் மிஞ்சியது பணம் மட்டுமன்று. எவர் வீட்டில் ஏடுகள் உள்ளன என்பதை உள்ளூரார் அறிவர். அவர்கள் உடன்வந்தால் அயலாருக்குத் திறவாத கதவுகளும் திறக்கும்.

ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீடுகள் பல. அவற்றில் தேடியும் பத்துப்பாட்டு அகப்படவில்லை. அவ்வூர் இலட்சுமண கவிராயரின் வீட்டு ஏடுகள் சில அவருடைய மாமனார் வீட்டில் இருந்தன. வெறுங்கையோடு திரும்பினால் வழிச்செலவும் விடுமுறையும் வீண். திருவிழா இரவொன்றில் கவிராயர் ஒரு சுவடியைக் கொண்டுவந்து தந்தார். நிலவொளியில் அதைப் பிரித்த ஐயரின் கண்ணில் ‘முல்லைப்பாட்டு’ என்னும் பெயர் பட்டது.

பத்துப்பாட்டு, நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் அச்சேறியது.