முகவளர்ச்சியும் முதுசமும்

தந்தையின் தாடை மைந்தனிடத்துத் தோன்றுதல் நாம் நாளுங் காண்பதொன்று. சரித்திரமும் இதற்குச் சான்று பகரும். ஐரோப்பாவை ஆண்ட ஹப்ஸ்பேர்க் அரச மரபினர் பலர்க்குக் கீழ்த்தாடை முன்னே நீண்டிருந்தது. அம்மரபிற் பிறந்த ஸ்பெயின் மன்னன் இரண்டாம் சாள்ஸ் (1661–1700) உணவை மெல்லவும் இடர்ப்பட்டான். அவன் தந்தை தன் சகோதரியின் மகளையே மணந்தவன். 2019இல் ஸ்பானிய ஆய்வாளர், அம்மரபினர் 15 பேரின் 66 ஓவியங்களைத் தாடைச் சத்திரவைத்தியர் பதின்மரைக் கொண்டு ஆராய்ந்தனர். உறவுமணக் கலப்பு மிக்கவிடத்துத் தாடை நீட்சியும் மிக்கிருந்தது.

இனி, பல் சீராக்கும் வைத்தியத்தை நோக்குவோம். கம்பி பல்லை மெல்லத் தள்ள, அழுத்தமுறும் பக்கத்து என்பு கரையும், எதிர்ப்பக்கத்திற் புதிய என்பு உண்டாகும், பல் இடம்பெயரும். ஆயின், தாடையின் வளர்ச்சியைத் தடுத்தல் அக்கம்பிக்கு இயலாது. மேற்றாடை வளர்ச்சி ஓய்ந்தபின்னும் கீழ்த்தாடை வளரும். ஆண்மக்களிடத்து 18 வயதின் பின்னும் வளர்தலுண்டு. இவ்வளர்ச்சியிற் பல பரம்பரையலகுகள் கூடித் தொழிற்படுகின்றன. ஆதலின் ஒரே வைத்தியம் இரு பிள்ளைகளிடத்து வெவ்வேறு பயன் தருதல் வியப்பன்று. 8 வயதளவில் மேற்றாடையை முன்னிழுக்குங் கருவி உதவலாம். கீழ்த்தாடை பின்னும் மிக நீளின், வளர்ச்சி முடிந்தபின் சத்திரசிகிச்சை வேண்டப்படலாம்.

ஆகவே பெற்றோர், வைத்தியரிடஞ் செல்லுங்கால் குடும்பத்தாரின் தாடையமைப்பையும் எடுத்துரைத்தல் நன்று. மாணவர்காள்! பிறர் முகத்தை நகையாதீர். அஃது அவர் தேடிய தேட்டமன்று. முன்னோர் வைத்த முதுசம்.