பொறுமை என்றால் பேசாமல் இருப்பதா?



"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று நம் வீட்டுப் பெரியவங்க அடிக்கடி சொல்வாங்க. திருக்குறளில் பொறையுடைமை என்று 16-வது அதிகாரமே இருக்கிறது. நான் கிறிஸ்தவப் பொண்ணு. எங்க வேதாகமத்திலும் பொறுமை பற்றி நிறைய வருகிறது. கலாத்தியர் 5-ம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று 9 குணங்கள் சொல்லப்பட்டிருக்கு. அதில் நீடிய பொறுமை 4-வது. கனி என்பதை யோசித்துப் பாருங்கள். பூ பூத்து, பிஞ்சு விட்டு, காயாகி, அப்புறம்தான் பழமாகும். பொறுமையும் அப்படித்தான். ஒரே நாளில் வராது.

பொறுமை 2 வகை

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் பொறுமைக்கு முக்கியமாக 2 சொற்கள் உண்டு என்று ஞாயிறு பள்ளி அக்கா சொல்லித் தந்தாங்க.

1. மக்ரோதுமியா: மனுஷர்கள் மேல் சீக்கிரம் கோபப்படாமல் இருப்பது. தம்பி என் நோட்டில் கிறுக்கும்போது எனக்கு இது வேணும்.

2. ஹுப்போமோனே: கஷ்டத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடாமல் சுமந்து நிற்பது. 3 தடவை போட்டும் கணக்குக்கு விடை வராதபோது இது வேணும்.

யோசேப்பின் 13 வருஷம்

ஆதியாகமத்தில் யோசேப்பின் கதை இருக்கிறது. அவரை அண்ணன்மார் விற்றபோது வயது 17. பார்வோன் ராஜா முன்னால் நின்றபோது வயது 30. இடையில் 13 வருஷம் அடிமை வேலை, பொய்க் குற்றச்சாட்டு, சிறை. அவர் சிறையிலும் சும்மா உட்காரவில்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார். விடுதலையாகப் போகிற பானபாத்திரக்காரரிடம், "என்னைப் பற்றி ராஜாவிடம் சொல்லுங்க, நான் தப்பு செய்யவில்லை" என்கிற மாதிரி கேட்டார். அந்த ஆள் மறந்துட்டார். இன்னும் 2 வருஷம் போச்சு. ஆனாலும் யோசேப்பு மனசு கசந்து போகவில்லை. பின்னாளில் அண்ணன்மாரையும் மன்னித்தார்.

இதில் கவனியுங்கள். அவர் பொறுமையாகவும் இருந்தார், வாய் திறந்து நியாயமும் கேட்டார்.

கேட்பதும் பொறுமைதான்

"பொம்பளப் பிள்ள, பொறுத்துக்கிட்டுப் போ" என்று நம்மிடம் சொல்வாங்க. எங்க தெருவில் ஒரு அக்காவை 10-ம் வகுப்போடு நிறுத்திட்டாங்க. அந்த அக்கா சண்டையும் போடல, சும்மாவும் இருக்கல. வீட்டு வேலை செஞ்சுக்கிட்டே தினமும் சாயந்திரம் "நான் படிக்கணும்பா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாங்க. டீச்சரிடமும் போய்ச் சொன்னாங்க. டீச்சர் வீட்டுக்கு வந்து பேசினாங்க. ஒரு வருஷம் வீணாப் போச்சு. ஆனா இப்போ அந்த அக்கா பிளஸ் ஒன் படிக்கிறாங்க. லூக்கா 18-ல் இயேசு சொன்ன கதையில் ஒரு விதவை, நீதிபதியிடம் விடாமல் போய் நியாயம் கேட்டு வாங்குவாள். எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

யாராவது நம்மை அடித்தாலோ, தப்பாகத் தொட்டாலோ அதை மறைத்து வைப்பது பொறுமை இல்லை. அம்மாவிடமோ டீச்சரிடமோ உடனே சொல்லணும். 1098-க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது. தன்னை அறைந்த காவலனிடம் இயேசுவே, "ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டதாக யோவான் 18-ல் இருக்கிறது. அவர் திருப்பி அடிக்கவில்லை, ஆனால் கேட்டார்.

தினமும் பழகுவது எப்படி?

1. கோபம் வந்தால் மனசுக்குள் 10 எண்ணி, சின்ன ஜெபம் செய்துவிட்டுப் பேசுங்கள்.
2. தண்ணீர் வரிசையில் நிற்கும்போது வாய்ப்பாடு சொல்லிப் பாருங்கள். நேரம் போவதே தெரியாது.
3. காது கேட்காத பாட்டி, தாத்தாவிடம் 3-வது தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்லுங்கள்.
4. இது பொறுக்க வேண்டியதா, கேட்க வேண்டியதா என்று பிரித்துப் பாருங்கள். தம்பியின் குறும்பு பொறுக்க வேண்டியது. அநியாயம் கேட்க வேண்டியது.

எந்த மதமானாலும் பொறுமை எல்லாருக்கும் வேணும். தோழிகளே, இந்த வாரம் நீங்கள் பொறுத்தது எது, கேட்டது எது? இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்!