சுருக்குப்பைக்குள் இருப்பதும் போதைதான்

நம்பிக்கை: போதை ஆம்பளைங்க சமாச்சாரம்.

மதுவைப் பொறுத்தவரை சரிதான். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் குடிப்பவர்கள் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6. புகையிலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 2016-17 ஆய்வின்படி நாட்டில் ஏழு பெண்களில் ஒருவர் புகையிலை பயன்படுத்துகிறார், பெரும்பாலும் மெல்வதுதான். கொக்கைன்போல நிகோடினும் ஊக்கி வகைப் போதை.

நம்பிக்கை: வெற்றிலையோடு புகையிலை போடுவது வெறும் பழக்கம்.

காஞ்சிபுரம், திருப்புட்குழிப் பக்கம் நெசவுக்காக ராட்டையில் தார் சுற்றும் அம்மாவிடம் கேளுங்கள். "போட்டா பசி தெரியாது, கண்ணு அசராது" என்பார். ஊக்கி மருந்துக்கு மருத்துவப் புத்தகம் சொல்லும் இலக்கணமும் அதுதான். தடவுகிற சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையைக் கூட்ட, நிகோடின் கன்னச் சவ்வு வழியே வேகமாக ரத்தத்தில் இறங்குகிறது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. வெற்றிலையும் புகையிலையும் முடிந்துவைத்த சுருக்குப்பைக்கு யார் தடை போடுவது?

நம்பிக்கை: ஒரு பெண்ணால் விட முடியவில்லை என்றால் அவளுக்கு மனசில் உறுதி இல்லை.

இங்கேதான் ஹார்மோன் வருகிறது. ஈஸ்ட்ரோஜன், போதையின் கிளர்ச்சிக்குக் காரணமான டோபமைன் மூளையில் சுரப்பதைத் தூண்டிவிடும் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜில் பெக்கர் பெண் எலிகளில் காட்டினார். மாதவிலக்குச் சுழற்சியின் முதல் பாதியில், அதாவது கருமுட்டை வெளிவருமுன், ஆம்பெட்டமின் என்ற ஊக்கி பெண்களுக்குக் கூடுதல் கிளர்ச்சி தருவதாக 1999இல் சிகாகோ ஆய்வு சொன்னது. பிந்தைய பாதியில் ஏறும் புரோஜெஸ்டிரோன் அதற்கு எதிர்ப்பக்கம்: கொக்கைன் தரும் சுகத்தை அது பெண்களிடம் மட்டுப்படுத்தியது, ஆண்களிடம் இல்லை என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் கண்டார்கள்.

நிகோடினிலும் பேதம் உண்டு. பெண் உடல் அதை ஆணைவிட வேகமாகக் கரைத்துவிடும். கர்ப்பத்தில் அந்த வேகம் இன்னும் சுமார் 60 சதவீதம் கூடும். போட்டது சீக்கிரம் தீர்ந்துபோகும்; தேட்டம் சீக்கிரம் திரும்பிவரும். பிள்ளை வரம் கேட்டு வறுத்த பயறை மடியில் கட்டிக்கொள்ளும் பெண்கள் திருப்புட்குழி மரகதவல்லித் தாயார் சன்னதிக்கு வருகிறார்கள். வரம் கிடைத்தபின் புகையிலையை விடுவதுதான் அவர்களில் சிலருக்குக் கடினமாக இருக்கும். மும்பையில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், மெல்லும் புகையிலை போட்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன.

நம்பிக்கை: அப்படியானால் எல்லாம் ஹார்மோன் செயல்.

அதுவும் மிகை. பெண்கள் சீக்கிரமே அடிமையாகிறார்கள் என்பது சிகிச்சைக்கு வந்தவர்களிடம் கண்டது. பொதுமக்களிடம் எடுத்த ஆய்வுகள் எல்லாம் அதை ஆமோதிப்பதில்லை. வெட்கம், மாமியார், "நாலு பேர் என்ன சொல்வாங்க" இவற்றை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது.

கர்ப்பப் பரிசோதனையில் "போதைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "வெத்தலையோட என்னம்மா போடுறே?" என்று நர்ஸ் கேட்டுப் பார்க்கட்டும். வாயைத் திறக்கத் தயங்குபவர்களுக்கு 14446 என்ற இலவச ஆலோசனை எண் இருக்கிறது.