கடவுள் இல்லை, சரி, அப்புறம்?

அருப்புக்கோட்டை

அன்புள்ள கதிர்,

உன் நீளமான கடிதம் கிடைத்தது. கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் அது புதுச் சேதி இல்லை. என் கல்யாணமே ஐயரும் அக்கினியும் இல்லாமல் நடந்ததுதான். தாத்தா முனகிக்கொண்டேதான் சம்மதித்தார். ஆனால் கடவுள் இல்லாததால் எதற்கும் அர்த்தமில்லை, தாத்தா திதிக்கும் வரப்போவதில்லை என்று முடித்திருக்கிறாயே, அங்கேதான் எனக்கும் உனக்கும் வழக்கு.

அதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுகிறேன். ராத்திரி தூக்கம் வருகிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எதிலும் பிடிப்பில்லை என்பது சிலருக்குத் தத்துவம். சிலருக்கு வைத்தியம் பார்க்கவேண்டிய விஷயம். உனக்கு இரண்டாவது என்றால் புத்தகத்தை மூடிவிட்டு முதலில் டாக்டரைப் பார். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

தத்துவம்தான் என்றால் மேலே படி. காம்யுவைப் படித்தாயாம். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கிய அவருடைய 'அந்நியன்' நாவல் 1980-லேயே வந்துவிட்டது. நாங்களும் அதைக் கைமாற்றிப் படித்துக் கிறுகிறுத்தவர்கள்தான். அம்மா செத்ததற்கு அழாத மெர்சோவை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எழுதிய மனுஷனை யாரும் பார்ப்பதில்லை. காம்யுவுக்கு ஒரு வயது நிரம்புமுன் அப்பா முதல் உலகப்போரில் செத்துப்போனார். அம்மா அல்ஜியர்ஸில் வீடு வீடாகப் போய்ப் பெருக்கித் துடைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. பதினேழு வயதில் பையனுக்குக் காசநோய். நாம் என்ன கேட்டாலும் இந்த உலகம் பதில் சொல்லாது என்று எழுத அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. 1957-ல் நோபல் பரிசு அறிவித்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? லூயி ஜெர்மேன் என்ற ஆரம்பப்பள்ளி வாத்தியாருக்குக் கடிதம் எழுதினார். தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, உதவித்தொகைப் பரீட்சை எழுதவைத்து, மேலே படிக்க வழிசெய்தவர் அவர். சேதி கேட்டதும் அம்மாவுக்கு அடுத்தபடி உங்களைத்தான் நினைத்தேன் என்று காம்யு அதில் எழுதியிருந்தார். வாழ்க்கை அபத்தம் என்ற அதே ஆள், தான் யாருக்குக் கடன்பட்டவன் என்பதில் குழம்பவே இல்லை. (அவரை இருத்தலியல்வாதி என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பட்டம் தனக்கு வேண்டாம் என்று அவரே சொன்னவர்.)

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரின் கதை வேறு. 1945-ல் பாரிஸில் பேசியபோது ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னார். அண்ணனைப் போரில் பறிகொடுத்தவன். தனியாகக் கிடக்கும் அம்மாவோடு இருப்பதா, இங்கிலாந்துக்குப் போய்ப் படையில் சேர்வதா என்று கேட்டுவந்தான். நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்துகொள் என்று அனுப்பிவிட்டார். தத்துவமாக அது சரியாக இருக்கலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை பார்.

நம் பக்கத்து நாத்திகம் வேறு ரகம். இதோ இருக்கிற சுக்கிலநத்தத்தில் 1928-ல் ஐயர் இல்லாத முதல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்தது. சட்டம் அதை ஒப்புக்கொள்வதற்கு, 1967-ல் அண்ணா முதல்வராக வரவேண்டியிருந்தது. நடுவே 1953-ல் இப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்றே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொத்து சேருமா என்பதுகூட நிச்சயமில்லாமல் அத்தனை பேர் மாலை மாற்றிக்கொண்டார்கள். வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று உட்கார்ந்து யோசிக்க அவர்களுக்கு ஏது நேரம்? விதவைக்குக் கல்யாணம், பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை வெட்டுவது என்று தலைக்குமேல் வேலை. ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். சாவு வீட்டில் என்ன பேசுவது என்று நம் ஆட்கள் சொல்லித்தரவில்லை. மேடையில் கணீரென்று முழங்கியவர்கள் பாடைக்குப் பக்கத்தில் வாயடைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

போன வருஷத் திதியன்று உன் அப்பா மொட்டைமாடிச் சுவரில் இலைத்துண்டில் சோற்றை வைத்துவிட்டுக் காக்காயைக் கூப்பிட்டான். வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான், குரல் கம்மிவிட்டது. தாத்தா செத்தன்றுகூட அழாமல், பந்தல்காரனுக்கும் டீக்காரனுக்கும் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவன். காக்காயாக அப்பா வருவார் என்று நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் பக்கத்தில் போய் நின்றேன். வேறு எங்கே, எந்தச் சாக்கில் அவனால் வாய்விட்டு அப்பாவைக் கூப்பிட முடியும்?

நீயும் நம்ப வேண்டாம். கும்பிடச் சொன்னால் மாட்டேன் என்று தணிவாகச் சொல்லிவிடு. அப்பா முணுமுணுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். வந்து வாழைக்காய் நறுக்கிக் கொடு, பந்தியில் பரிமாறு. தாத்தாவின் பழைய கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் தள்ளாடிக்கொண்டு வருவார்கள்; கையைப் பிடித்துப் படியேற்றி உட்காரவை, அவர்கள் சொல்கிற கதையைக் கேள். அர்த்தம் முதலில் கிடைக்கட்டும், அப்புறம் மனுஷர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ நினைப்பது எனக்குத் தலைகீழாகப் படுகிறது.

திதி வருகிற வியாழக்கிழமை. புதன் ராத்திரி பெங்களூரில் பஸ் ஏறு. டிக்கெட் போட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணு. அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை