செயற்கைப் பல் வேரும் கரையும் எலும்பும்

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து இம்ப்ளாண்ட் பொருத்தச் செய்தவர்கள் நம் சங்க அன்பர்களில் பலர் உண்டு. "டைட்டானியம்தானே, சொத்தை விழாது, இனிக் கவலையில்லை" என்ற பேச்சையும் கேட்கிறோம். சொத்தை விழாது என்பது சரியே. ஆனால் அந்தத் திருகு நிற்பது தாடை எலும்பில். எலும்பு கரைந்தால் திருகு எத்தனை உறுதியாயிருந்து என்ன பயன்? எலும்பு எப்படிக் கரைகிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தது பெரும்பாலும் நாய்களின் வாயில்.

இம்ப்ளாண்டின் கதையே முயலில் தொடங்கியதுதான். 1950களில் சுவீடன் நாட்டுப் பிரானிமார்க், முயலின் கால் எலும்பில் சிறு டைட்டானியக் கருவியைப் பதித்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். முடிவில் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு இணைந்து போயிருந்தது. நாய்களிலும் சோதித்த பிறகு, 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்.

நோயை மனிதரிலேயே ஆராயக் கூடாதா என்று கேட்கலாம். ஓரளவு ஆராய்ந்தார்கள். அதே 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவர், ஆரோக்கியமான சிலரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. துலக்கத் தொடங்கியதும் ஆறியது. ஈறு ஆறும், கரைந்த எலும்பு அப்படித் தானாக வளர்ந்து விடாது. ஆகவே எலும்பைக் கரைத்துப் பார்க்கும் சோதனையை மனிதரிடம் செய்ய இயலாது.

அதற்குத்தான் பீகிள் நாய். சாதுவானது, மனிதருக்கான திருகையே தாங்கும் தாடை, ஈறு நோய் அதற்கு இயல்பாகவே வரும். முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, சில மாதம் ஆறவிட்டு, திருகைப் பொருத்துவார்கள். அது எலும்போடு இணையும் வரை நாய்க்குப் பல் துலக்கியும் விடுவார்கள். பின்னர் துலக்குவதை நிறுத்தி, திருகின் கழுத்தில் பஞ்சு நூலையோ பட்டு நூலையோ ஈறுக்கடியில் கட்டுவார்கள். நூலைச் சுற்றிக் கிருமிகள் சேரும். சில மாதங்களில் எக்ஸ்ரே படத்தில் எலும்பு இறங்கியிருப்பது தெரியும்.

நூலை அவிழ்த்த பிறகு நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. 1992இல் சுவீடனின் லிண்டே குழுவினர் இயற்கைப் பல்லையும் இம்ப்ளாண்டையும் இவ்வாறு ஒப்பிட்டனர். பல்லைச் சுற்றி, அழற்சிக்கும் எலும்புக்கும் நடுவே நல்ல நார்த்திசு வேலி போல் நின்றது. இம்ப்ளாண்டைச் சுற்றி அந்த வேலி இல்லை. அழற்சி எலும்பு வரை எட்டியிருந்தது. பல் வேரில் நார்கள் குறுக்காக வந்து பதிந்திருக்கும். உலோகத்தில் அப்படிப் பதிய முடியாமல் அதன் ஓரமாகவே ஓடும். பிந்திய சோதனைகளில், நூல் போன பிறகும் பல திருகுகளைச் சுற்றி எலும்பு இறங்கிக்கொண்டே இருந்தது. 2007இல் வெளியான ஆய்வொன்றில், மெருகேற்றிய பரப்பைவிடச் சொரசொரப்பான பரப்பில் இது அதிகமாயிருந்தது. எலும்பு விரைவாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த சொரசொரப்பு அது!

நாயின் வாய் நம் வாய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நம் இம்ப்ளாண்டில் யாரும் நூல் கட்டுவதில்லை. நாய் புகையிலை போடுவதில்லை. அங்கே மாதங்களில் நடப்பது நமக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. நோய் நடக்கும் வழியை நாய் காட்டும். எத்தனை பேருக்கு வரும் என்று காட்டாது.

திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருப்பதால், இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் நாயின் உயிரோடு முடிகின்றன. இதை மறைத்து எழுத மனம் வரவில்லை. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் 1998ஆம் ஆண்டு விதிகளும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றிச் செய்ய முடியாது. ஏற்கெனவே விடை கண்ட கேள்விக்காக இன்னொரு நாயைப் பலியிடுவதை ஏற்க முடியாது என்பது என் கருத்து.

இனி வீட்டு விஷயம். இந்த எலும்புத் தேய்மானம் பெரும்பாலும் வலிக்காது. துலக்கும்போது இரத்தம், அழுத்தினால் சீழ் என்றிருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பு இறங்கியதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டே துல்லியமாகச் சொல்ல முடியும். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நம் குடும்பங்களில் தொலைவது அந்தப் படம்தான். மேல் பல் பொருத்திய அன்று எடுத்த எக்ஸ்ரேயையும், திருகின் பெயர், அளவு எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் அப்பா, அம்மாவின் பெட்டியில் அதன் நகல் ஒன்றும் இருக்கட்டும்.