பக்கத்து வீடு போன விலை

“பக்கத்து வீடு ஒண்டு தசம் மூண்டு மில்லியனுக்குப் போனது, தம்பி. எங்கட வீடு அதைவிடப் பெரிசெல்லோ?”

2022 கோடையில் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் வீடு விற்றுக்கொடுத்த முகவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள்தான். நானும் அவர்களில் ஒருவன். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போய் இருந்தாலும், தேநீர் வருமுன்பே பக்கத்து வீட்டின் விலை வந்துவிடும். அந்த வீடு மாசியில் விற்றது, இப்போது ஆடி நடக்கிறது என்பதை மட்டும் நாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ரொறன்ரோ பெரும்பாகத்தில் 2022 பெப்ரவரியில் சராசரி விற்பனை விலை ஏறத்தாழ 1,334,000 டொலர். ஜூலையில் அது 1,075,000 அளவுக்கு வந்துவிட்டது. ஐந்தே மாதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. விற்கும் வீடுகளின் வகை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் இந்தச் சராசரியை ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, விற்க வந்தவர்களைத் தவிர.

வாங்குபவரின் மாதக் கணக்கு

கனடா மத்திய வங்கி 2022 மார்ச்சில் தன் வட்டி வீதத்தை 0.25 சதவீதத்திலிருந்து உயர்த்தத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலை 13 அன்று ஒரே தடவையில் ஒரு முழுச் சதவீதம் கூட்டியது. 2023 ஜூலையில் வீதம் 5 சதவீதத்தைத் தொட்டது. விற்பவர்களுக்கு இது தொலைக்காட்சிச் செய்தி. வாங்குபவர்களுக்கோ மாதா மாதம் கட்ட வேண்டிய காசு.

800,000 டொலர் வீட்டுக்கடனை 25 ஆண்டுத் தவணையில், 2 சதவீத வட்டியில் எடுத்தவர் மாதம் சுமார் 3,390 டொலர் கட்டுவார். அதே கடனுக்கு வட்டி 5.5 சதவீதம் என்றால் கட்ட வேண்டியது சுமார் 4,880. மாதம் 3,390 டொலருக்கு மேல் கட்ட வழியில்லாத ஒரு குடும்பம் புதிய வட்டியில் 555,000 டொலர் அளவுக்குத்தான் கடன் எடுக்கலாம். உங்கள் வீட்டின் வாசலுக்கு வருகிற மனிதரின் கையில் கிட்டத்தட்ட இரண்டரை இலட்சம் டொலர் குறைந்துவிட்டது. அவர் கஞ்சனாகிவிடவில்லை. இது போதாதென்று, ஒப்பந்த வட்டியைவிட 2 சதவீதம் கூடிய வீதத்திலும் அவரால் கட்ட முடியுமா என்று வங்கி சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

விற்பவரோடு முதல் நாள் பேசப் போகும்போது, அந்த வட்டாரத்தில் விற்ற வீடுகளின் பட்டியலை எடுக்கும் முன்பே இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுவது என் வழக்கம். முகவரின் அபிப்பிராயத்தோடு சண்டை பிடிக்கலாம். கடன் அட்டவணையோடு பிடிக்க முடியாது. வீடு விற்க நினைக்கிறவர்கள் முகவரை அழைக்கும் முன் தாங்களே இதைப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய வட்டியில், 20 சதவீத முற்பணத்தோடு, நீங்கள் கேட்கிற விலைக்கு வீடு வாங்குகிறவர் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? அந்தத் தொகையை உங்கள் தெருவில் வாழக்கூடிய ஒரு குடும்பம் கட்டுமா?

விலைக்குள் புகுந்துவிடும் செலவுகள்

“பேஸ்மென்டுக்கு மட்டும் எண்பதாயிரம் விட்டிருக்கிறன்” என்றார் ஓர் அக்கா. விட்டது உண்மை, ரசீதுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஆனால் வாங்க வருகிறவர் பார்ப்பது ரசீதை அல்ல. நகரசபை அனுமதியோடு கட்டிய, தனி வாசல் உள்ள பேஸ்மென்ட் என்றால் அதிலிருந்து வரும் வாடகையைச் சில வங்கிகள் வருமானத்தில் சேர்த்துக்கொள்ளும். அப்போது அதற்கு ஒரு விலை உண்டு. அனுமதி இல்லாமல் போட்ட இரண்டாவது குசினி, வாங்குபவரின் வழக்கறிஞர் கேள்வி கேட்கிற இடமாகவே முடியும்.

வேறு சிலர் தங்கள் தேவையை விலைக்குள் வைத்துவிடுவார்கள். மகளின் கலியாணம், அடுத்த வீட்டுக்கான முற்பணம், ஊரில் கொடுக்க வேண்டிய காசு எல்லாவற்றையும் கூட்டி அந்தத் தொகைக்கு வீடு விற்க வேண்டும் என்பார்கள். இன்னும் சிலருக்குத் தாங்கள் வாங்கிய விலையே தரைமட்டம். அதற்குக் கீழே ஒரு டொலரும் இறங்க மனம் வராது. 2022 தொடக்கத்தில் வாங்கிவிட்டு, ஓரிரு ஆண்டுக்குள் வேலை மாறியோ குடும்பம் பிரிந்தோ விற்க நேர்ந்தவர்களுக்கு இது பெரிய சோதனை.

இந்தப் பிடிவாதத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை அளந்து பார்த்த ஆய்வொன்று உண்டு. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்தோபர் மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் 1990களில் பொஸ்டன் நகரின் கொண்டோ விற்பனைகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். நட்டத்தில் விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், தாம் வாங்கிய விலைக்கும் அப்போதைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 25 முதல் 35 சதவீதத்தைக் கேட்கும் விலையில் கூட்டி வைத்தார்கள். கடைசியில் அவர்கள் கையில் கூடுதலாக வந்தது அந்த வித்தியாசத்தில் 3 முதல் 18 சதவீதம் மட்டுமே. அதற்கும் மற்றவர்களைவிட நீண்டகாலம் காத்திருந்தார்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. காத்திருந்த மாதங்களின் கடன் தவணை, சொத்து வரி, காப்புறுதி, வெப்பமூட்டும் செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்றுதான் கேட்க வேண்டும்.

“அவசரமில்லை, திரும்ப ஏறும், அப்ப விப்பம்” என்கிறவர்களுக்கு நான் ரொறன்ரோவின் பழைய கதையைச் சொல்வேன். 1989இல் இங்கே ஆண்டுச் சராசரி விலை சுமார் 273,700 டொலர். 1996இல் அது 198,000 அளவுக்கு இறங்கியது. பழைய எண்ணை மறுபடி தாண்டியது 2002இல். பதின்மூன்று ஆண்டுகள், அதுவும் விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுக்காமல். விற்க அவசியமே இல்லாதவர் விற்பனைப் பலகையை இறக்கிவிட்டு வீட்டில் நிம்மதியாக இருக்கலாம். அது நல்ல முடிவுதான். ஆனால் விற்கத்தான் வேண்டும் என்றும், பழைய விலைதான் வேண்டும் என்றும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது.

முகவரையும் கேள்வி கேளுங்கள்

விலையைக் கூட்டிச் சொல்கிற பழக்கம் விற்பவரிடம் மட்டும் இல்லை. மூன்று முகவர்களை அழைத்தால், ஆகக் கூடிய விலை சொன்னவருக்கே வீட்டைக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். அது தெரிந்தே கூட்டிச் சொல்லி வீட்டைக் கையில் எடுத்துவிட்டு, பிறகு மாதா மாதம் “கொஞ்சம் குறைப்பம் அண்ணை” என்று வருகிறவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள்.

தெரியாமலே ஏமாறுகிற முகவர்களும் உண்டு. அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்த ஒரு பரிசோதனை 1987இல் வெளிவந்தது. ஒரே வீட்டை முகவர்களிடம் காட்டி, கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஒரு விதமாகக் கொடுத்தார்கள். கூடிய விலையைப் பார்த்தவர்கள் வீட்டைக் கூடுதலாகவும், குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். கேட்கும் விலையைப் பார்த்தா முடிவு செய்தீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் இல்லை என்றார்கள்.

எதிர்ப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். சிக்காகோ வட்டார விற்பனைகளை ஆராய்ந்த ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும், முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகப் பொறுத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றதைக் கண்டார்கள். வாடிக்கையாளர் வீடு பத்தாயிரம் டொலர் கூடுதலாகப் போனால் முகவருக்குக் கிடைப்பது சில நூறுதான். அதற்காக அவர் காத்திருக்க விரும்பாமல் போகலாம். ஆகவே விலையைக் கூட்டச் சொன்னாலும் குறைக்கச் சொன்னாலும் ஆதாரம் கேளுங்கள். கடந்த 30 முதல் 60 நாளுக்குள் விற்ற, உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் எவை? விற்காமல் பலகை இறக்கியவை எவை, என்ன விலையில்? இந்த இரண்டாவது பட்டியலை முகவர்கள் தாமாகக் காட்டுவது குறைவு. ஆனால் இறங்குகிற சந்தையில் அதிகம் பேசுவது அதுதான்.

குறைப்பதென்றால் ஒரே வெட்டு

1,100,000 டொலர் பெறக்கூடிய வீட்டுக்கு 1,200,000 கேட்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சந்தை மாதம் 3 சதவீதம் இறங்குகிறது. அவர் மாதம் 20,000 குறைக்கிறார். நான்கு மாதம் போனபின் அவர் கேட்பது 1,120,000. வீடு பெறுவது 974,000 அளவு. தொடக்கத்தில் இடைவெளி 100,000 ஆக இருந்தது, நான்கு தடவை குறைத்த பிறகு 146,000 ஆகிவிட்டது. நோகாமல் குறைக்கிறேன் என்று தொடங்கியவர் ஓடுகிற பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து போகிறார்.

அதனால் நான் சொல்வது: குறைக்க வேண்டும் என்று தெரிந்தால் ஒரே தடவையில், கடைசியாக விற்ற வீட்டின் விலைக்குச் சற்றுக் கீழே போய் நில்லுங்கள். எப்போது என்பதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் வீட்டைப் பார்க்கவே ஆள் வரவில்லை என்றால் விலை வெகுதூரத்தில் இருக்கிறது. பார்க்க வருகிறார்கள், ஓஃபர் மட்டும் வரவில்லை என்றால், உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவில் வாங்குகிறார்கள்; அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள்.

எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். 2024 டிசம்பர் நடுப்பகுதி வரை, ஒரு மில்லியன் டொலரும் அதற்கு மேலும் பெறுகிற வீட்டுக்குக் கடன் காப்புறுதி கிடைக்கவில்லை. 20 சதவீத முற்பணம் கட்டாயமாக இருந்தது. 1,009,000 டொலர் வீட்டை வாங்க 201,800 கையில் வேண்டியிருந்தது. 999,000 டொலர் வீட்டுக்கு ஆகக் குறைந்த முற்பணம் 74,900. அந்த நாட்களில் 1,029,000 கேட்டுவிட்டு 1,009,000க்கு இறக்கியவருக்குப் புதிதாக ஒருவரும் வரவில்லை. இன்னும் பத்தாயிரம் இறக்கியிருந்தால் இன்னொரு கூட்டமே உள்ளே வந்திருக்கும். இப்போது அந்த எல்லை 1.5 மில்லியன். ஆனாலும் வாங்குபவர்கள் இணையத்தில் தேடும்போது 900,000, ஒரு மில்லியன் என்று வட்டமான எண்களில்தான் உச்ச வரம்பு வைக்கிறார்கள். வரம்புக்குச் சற்று மேலே நிற்கிற வீடு அவர்கள் திரையிலேயே வராது.

மறைக்க முடியாத வரலாறு

விலை ஏறிய காலத்தில் ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. வேண்டுமென்றே குறைந்த விலை போட்டு, ஓஃபர் வாங்க ஒரு இரவைக் குறித்து, போட்டியில் விலையை ஏற்றுவது. 2022 வசந்தத்திலும் பலர் அதையே செய்தார்கள். குறித்த இரவில் யாரும் வரவில்லை. மறுநாள் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு, மனதில் இருந்த விலையை, அதாவது முன்னதைவிடக் கூடிய விலையைப் போட்டார்கள். நேற்றைய விலைக்கே ஆள் வராத வீட்டுக்கு இன்று இரண்டு இலட்சம் கூட்டிக் கேட்டால் வாங்குபவர் என்ன நினைப்பார்?

பட்டியலை நீக்கிப் புதிதாகப் போட்டால் சந்தையில் இருந்த நாட்கள் பூச்சியத்திலிருந்து தொடங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். முன்பு அது ஓரளவு உண்மை. விற்ற விலைகளை முகவர்களின் இணையத் தளங்கள் வழியாகப் பொதுமக்கள் பார்ப்பது பற்றிக் கனடாப் போட்டிப் பணியகத்துக்கும் ரொறன்ரோ வீடு விற்பனைச் சபைக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கு, 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சபையின் மனுவை ஏற்க மறுத்ததோடு முடிந்தது. அதன் பிறகு ஹவுஸ்சிக்மா போன்ற செயலிகளில் கணக்குத் திறந்த எவரும், ஒரு வீடு எப்போது, என்ன விலையில் பட்டியலுக்கு வந்தது, எத்தனை தடவை நீக்கப்பட்டது, முன்பு எவ்வளவுக்கு விற்றது என்பதைக் கைபேசியிலேயே பார்க்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதே வாங்க வந்தவருக்கு உங்கள் கதை தெரியும்.

ஓஃபர் வந்த பிறகு

குறைந்த விலையில் வருகிற முதல் ஓஃபரைக் கண்டு கோபப்பட்டுப் பதில் அனுப்பாமல் விட்டவர்கள், பின்னர் அதே ஆளை முகவர் மூலம் தேடிய கதைகள் இங்கே பல. எவ்வளவு குறைவான ஓஃபருக்கும் ஒரு விலை எழுதித் திருப்பி அனுப்புவதால் நட்டமில்லை. வாங்குபவர் அடுத்த எண்ணைச் சொல்வாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

புதிய வீட்டை முதலில் வாங்கி உறுதி செய்துவிட்டுப் பழைய வீட்டை விற்க வருகிறவர்களுக்குத்தான் நேரம் எதிரி. 2022இல் மிகவும் அடிபட்டவர்கள் அவர்கள். கையெழுத்திட்ட வீட்டைக் குறித்த நாளில் முடித்தாக வேண்டும். கையில் உள்ள வீடோ ஒவ்வொரு வாரமும் இறங்குகிறது. இறங்கும் சந்தையில் முதலில் விற்பதும், முடிக்கும் திகதியை நீட்டி வாங்குவதும், தேவைப்பட்டால் சில மாதம் வாடகைக்கு இருப்பதும் மலிவு.

கடைசியாக, கூடிய விலை எழுதிய ஓஃபர்தான் நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்துக்கும் வீடு கைமாறும் நாளுக்கும் இடையில் சந்தை இன்னும் இறங்கினால், வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு ஒப்பந்த விலையைவிடக் குறைவாகப் போடுவார். அந்த வித்தியாசத்தை வாங்குபவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். முடியாதவர் விலகிப் போவார். ஒன்ராறியோவில் விற்பவர் வைப்புப் பணத்தைக் கோரலாம், மறுபடி விற்றதில் வந்த குறைவுக்கு வழக்கும் போடலாம். ஆனால் நட்டத்தைக் குறைக்கத் தானும் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும், வழக்கு நீளும், வென்றாலும் எதிராளியிடம் காசு இருக்க வேண்டும். எனவே ஓஃபர்களை விலைப்படி அடுக்கும் முன், வைப்புப் பணம் எவ்வளவு, முற்பணம் எத்தனை சதவீதம், கடன் நிபந்தனை இருக்கிறதா, முடிக்கும் நாள் எப்போது என்ற நான்கையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதி உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.