தீராப் பசியும் தடைபடும் மூச்சும்

பாக்கார் ஆராங்கில் ஒரு வீடு. அங்குள்ள குளிர்பதனப் பெட்டியில் பூட்டுத் தொங்குகிறது. சாவி அம்மாவிடம் இருக்கிறது. பத்து வயது மகனோ வகுப்பில் முதல் பாடம் முடிவதற்குள் மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிடுகிறான். “தின்பதும் தூங்குவதும்தான் இவன் வேலை,” என்று உறவினர் கேலி செய்கின்றனர். இச்சிறுவன் கற்பனையே, இவனுக்குள்ள நோய் கற்பனையன்று.

1956-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் பிராடர், லாப்ஹார்ட், வில்லி ஆகியோர் இதனை விவரித்தனர். இன்று இது பிராடர்-வில்லி நோய்க்குறித்தொகுப்பு எனப்படுகிறது. தந்தையிடமிருந்து வரும் 15-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இல்லாமற்போவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இது தற்செயலாக நிகழ்வது, பெற்றோரின் தவறன்று.

கைக்குழந்தைப் பருவத்தில் இப்பிள்ளைகளின் தசைகள் தளர்ந்திருக்கும்; பால் உறிஞ்சவும் வலுவிராது. சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிறது. வயிறு நிறைந்த செய்தியை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சரிவர உணர்வதில்லை. நாம் இரண்டு ரொட்டிச்சானாய் தின்றதும் “போதும்” என்கிறோம். அந்தப் “போதும்” இவர்களுக்கு வருவதே இல்லை. உடலுக்குத் தேவைப்படும் கலோரியோ மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவு. ஆகவே, எடை விரைவாகக் கூடுகிறது.

இரவில்தான் ஆபத்து அதிகம். உறங்கும்போது தளர்ந்த தொண்டைத் தசையும் கழுத்துக் கொழுப்பும் மூச்சுப்பாதையை அடைக்கின்றன. குறட்டை திடீரென நிற்கும், மூச்சும் நிற்கும். இரத்தத்தில் உயிர்வளி குறைந்ததும் மூளை பதறி எழுப்பும். ஓர் இரவில் இது பலமுறை நிகழலாம். சிலருக்கு மூச்சுவிடச் சொல்லும் மூளையின் கட்டளையே வலுவற்றிருக்கும். பிறகு, வகுப்பில் உறக்கம் வராமல் என்ன செய்யும்?

அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் முதலில் காட்டலாம். சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையும் உள்ளது. நோயை இரத்தப் பரிசோதனை உறுதிசெய்யும். உறக்க ஆய்வில், பிள்ளை தூங்கும்போது மூச்சு, இதயத்துடிப்பு, உயிர்வளி அளவு ஆகியவற்றை இரவு முழுதும் கருவிகள் பதிவுசெய்யும். சிலருக்குத் தொண்டைச் சதையை அகற்றுவர். சிலருக்குக் காற்றழுத்த முகமூடி தருவர். வளர்ச்சி ஹார்மோன் ஊசி தசைக்கு வலுவூட்டும். எனினும், ஊசி தொடங்கும் முன்னும் பின்னும் உறக்க ஆய்வு தேவை.

பசிக்கு இன்னும் முழுமையான மருந்து இல்லை. அதனால்தான் அந்தப் பூட்டு. வெளியார் கண்ணுக்கு அது கொடுமையாகத் தெரியலாம். ஆனால், உணவு எட்டாது என்று உறுதியானால்தான் அப்பிள்ளையின் மனம் ஓய்கிறது. தீபாவளியன்று அவனது பங்கு முறுக்கை எண்ணித் தட்டில் வைத்து, அடுத்த உணவு எத்தனை மணிக்கு என்பதையும் அம்மா முன்பே சொல்லிவிடுகிறார்.